வலப்புற இருக்கையின் சூடு

அருப்புக்கோட்டை
6-3-1967

மைத்துனர் நாகையாவுக்கு வேங்கடபதி எழுதுவது. ஜோத்பூர் வெயிலிலும் உன் உடம்பு உரமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கு காய்ச்சல், இருமல் என்று எவரும் படுக்கவில்லை.

சௌடையா வீட்டுச் சம்பந்தம் முடிவாகிவிட்டது. பெண் முத்துமணிக்கும் சம்மதம். ஆவணியில் முகூர்த்தம். தாய் தந்தையர் இல்லாத உனக்கு அவர்கள் ஸ்தானத்தில் நானும் உன் அக்காளும் நின்று தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். அவர்கள் எதையும் நாலு இடத்தில் விசாரித்துச் செய்கிறவர்கள். ஆகவே ஆவணி வரை நம் பக்கத்தில் ஒரு சொல்லும் பிசகக் கூடாது என்பது உன் அக்காளின் கட்டளை. உனக்கும் தெரிவிக்கிறேன்.

இனி இக்கடிதத்தின் முதன்மையான காரியம். தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் ஒருவர் தம் பழைய ஜீப்பை விற்க முன்வந்தார். யுத்த காலத்து வண்டி. இடப்புறம் அமர்ந்து ஓட்டுவது. அதை வாங்கி, ஓட்டவும் பழகிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரை வரை போய்வர வேண்டியிருக்கிறது. உன் அக்காள் லட்சுமியும் உடன் வருகிறாள்.

மாசி மாதத்திலேயே வண்டிக்குள் உட்கார முடியவில்லை. மேலே கித்தான் கூரை வழியாக ஒரு சூடு. எஞ்சின் பக்கமிருந்து காலடிக்கு வருவது இன்னொன்று. இரண்டாவது, வலப்புறம் அமர்பவருக்கே அதிகம் என்பது என் அனுமானம். சித்திரை வைகாசியில் என்ன ஆகும் என்று யோசித்து இப்போதே கேட்கிறேன். பாலைவனத்துப் பட்டாளத்தில் இதே வண்டிகளைப் பழுதுபார்ப்பவன் நீ. வலப்புற இருக்கையின் சூட்டையாவது குறைக்கும் வழியை விளங்கும்படி எழுது.

ஆசிகளுடன்,
வேங்கடபதி


ஜோத்பூர்
19-3-1967

அத்தானுக்கும் அக்காளுக்கும் நாகையாவின் கும்பிடு. நான் கல்லுப் போல இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு உடனே எழுதவும்.

அத்தான் ஜீப் ஓட்டுகிறார் என்று இங்கே சொன்னபோது எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன். நிற்கிற சைக்கிளில் ஏறுவதற்கு முன்பும் மணியடிக்கிறவர் நீங்கள். அக்காளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குண்டாற்று மணலில் இறங்குகிறீர்கள் என்றால் மழை பெய்தாலும் பெய்யும்.

உங்கள் அனுமானம் சரி. அந்த வண்டியில் சைலன்சர் வலப்புறத் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டித் தரையில் போடுங்கள். தகட்டோடு ஒட்டிப் போடக் கூடாது. அடியில் வாஷர் வைத்து ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைத் தடுக்கும். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே உள்ள தடுப்பில் பெடலுக்கும் வயருக்கும் ஓட்டைகள் இருக்கும். கம்பளித் துண்டை வைத்து அடைத்தால் அனல் வராது. கூரைக்கு மேல் நாலு கம்பி நிறுத்தி, இடைவெளி விட்டு ஓலைப்பாய் கட்டுங்கள். கித்தானுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் சரி. ஈரச் சாக்கைக் காலடியில் விரிக்கலாம்.

ஆனால் இத்தனையும் செய்தாலும் பாதிதான். மீதிப் பாதி காற்று. பக்கத்துப் படுதாக்களை அவிழ்த்து எறியுங்கள். நேர்ச்சாலையில் முப்பது மைல் வேகத்தில் போங்கள். வண்டிப்பாதையில் முதல் கியரில் ஊர்ந்தால் எந்த ஜீப்பும் அடுப்புதான்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு, அங்கே உட்காருகிற ஆளிடம் வெறுங்காலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆள் சரி என்றால் சரி. எங்கள் ஒர்க்ஷாப்பில் அதுதான் சோதனை.

ஒன்று கேட்க வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்கு இப்போது ரயில் ஓடுகிறதே. அக்காளை ஏன் ஜீப்பில் வாட்டுகிறீர்கள்?

உங்கள் பிள்ளை போன்ற
நாகையா


அருப்புக்கோட்டை
8-4-1967

நாகையாவுக்கு. உன் கடிதம் கண்டு, நீ திடமாக இருப்பதறிந்து ஆறுதல். இங்கும் எவருக்கும் காய்ச்சல் இல்லை.

நீ எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றியிருக்கிறேன். பந்தல்குடிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் வீரபத்திரன் வேலையைச் செய்தான். வண்டியைக் கண்டதும், “ஓட்டுப் போட்டு முடிஞ்சிருச்சே, இனிமே எதுக்கு வக்கீலய்யா ஜீப்புல வாரீக?” என்று சிரித்தான். நீ ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதிய கல்நார்த் தகட்டைத் தரையின் அளவுக்கு வெட்டி, இடைவெளி விட்டுப் பொருத்தினான். தரை முடிந்து எஞ்சின் பக்கம் மேலேறும் சரிவான தகடு ஒன்று உண்டல்லவா, கால் நீட்டினால் பாதம் ஊன்றுமிடம். அதையும் மூட வேண்டுமா என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது. வண்டியைப் பாளையம்பட்டி வரை ஓட்டித் திரும்பி வந்து, நீ சொன்ன சோதனையைச் செய்தோம். லட்சுமி அந்தத் தகட்டில் வெறுங்காலை ஊன்றினாள்.

“சுடுதாம்மா?” என்றான் வீரபத்திரன்.

“இல்லப்பா.”

“நல்லா வச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

“அதான் சொல்றேனே. ஒண்ணுமே சுடலை.”

அமர்பவரின் நேரடிச் சாட்சியத்துக்கு மேல் வேறு சான்று தேவையில்லை என்பதால் சரிவுத் தகட்டை மூடாமல் விடும்படி நானே சொன்னேன்.

படுதாக்களை அவிழ்ப்பது பற்றி: இந்தப் பக்கத்துப் புழுதியை நீ மறந்திருப்பாய். அவை கட்டியபடியே இருக்கும். நேர்ச்சாலையில் லாரிப் போக்குவரத்து மிகுதி. ஆகவே பெரும்பாலும் கண்மாய்க்கரைப் பாதையிலேயே செல்கிறோம். ரயிலின் நேரங்கள் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

நலம் வேண்டும்,
வேங்கடபதி


ஜோத்பூர்
20-4-1967

அத்தானுக்கு வணக்கம். இங்கே அனல் காற்று தொடங்கிவிட்டது. மற்றபடி குறையில்லை. உங்கள் உடம்பையும் அக்காள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேஜர் பாதி உலகம் சுற்றியவர். ஷீட் போட்ட வண்டியிலும் பூட்ஸைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்துக்கொள்வார். அக்காள் வெறுங்காலில் ஒன்றுமே சுடவில்லை என்கிறாள். அவளைப் பட்டாளத்தில் சேர்த்துவிடலாமா என்று கேளுங்கள். விளையாட்டு போகட்டும். சுட்டாலும் சுடவில்லை என்று சொல்கிற ஜாதி அவள். உங்களிடம் அப்படித்தான் சொல்வாள். செருப்பைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

புழுதி புழுதி என்று மூடிக்கொண்டால் உள்ளே வெந்துபோவீர்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படுதாவைத் திறப்பதுதான் புத்தி. நல்ல சாலை இருக்க, நடவாத பாதையில் ஏன் போகிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

நாகையா


அருப்புக்கோட்டை
9-5-1967

நாகையாவுக்கு. உன் சுகம் நாடுகிறேன். இங்கு காய்ச்சல் முதலிய தொந்தரவுகள் இல்லை. சௌடையா வீட்டில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டக் கொடுத்துவிட்டார்களாம்.

தொழில்நுட்பமாக ஒரு விளக்கம் வேண்டும். முதல் கியரில் நெடுநேரம் ஓடியபின் சரிவுத் தகடு எந்த அளவுக்குச் சூடேறும்? தோலைப் புண்ணாக்கும் அளவுக்கு ஏறக்கூடுமா? அவ்விருக்கையில் பயணம் செய்த ஒருவருக்கு வலது உள்ளங்காலில் எலுமிச்சம்பழம் பிளந்த அளவில் கொப்புளம் கண்டிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கும்வரை எந்த முறையீடும் இல்லை. வீட்டுத் தரையில் ஈரச் சுவடு பதிந்ததைக் கண்ட பின்பே தெரியவந்தது.

செருப்பு அணிவது சாத்தியமாகவில்லை. ஜீப்பில் அம்மன் படம் மாட்டியிருக்கிறது. அதன்முன் கால் நீட்டுவதே தவறு, செருப்போடு எப்படி என்பது லட்சுமியின் வாதம்.

இப்போது சரிவுத் தகட்டையும் கல்நாரால் மூடிவிட்டேன். காலதாமதமான பரிகாரம். உன் கருத்தை எழுது.

வேங்கடபதி


ஜோத்பூர்
19-5-1967

அத்தானுக்கு.

கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு எழுதுகிறேன். தகடு புண்ணாக்குமா என்றால் புண்ணாக்கும். ஆனால் அதற்கு முன்னே ஒன்று நடக்கும். சுட்டதும் காலை இழுத்துக்கொள்வார்கள். தூங்குகிறவன்கூட இழுத்துக்கொள்வான். நான் ஒர்க்ஷாப்பில் சேர்ந்து இத்தனை வருஷத்தில் ஜீப்புத் தரையில் கால் வெந்தவனை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். திரும்பப் பட்டாளத்துக்குச் சேர்க்கவில்லை.

அது யாருடைய கால்?

நீங்கள் பெயரை எழுதவில்லை. ‘ஒருவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கெல்லாம் விடுமுறை. இது வக்கீல் வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். மானாமதுரையில் உங்களுக்கு என்ன வேலை? படுதாவை ஏன் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்? முன்பெல்லாம் ‘யாவரும் சௌக்கியம்’ என்று தொடங்குவீர்கள். மார்ச்சிலிருந்து ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதுகிறீர்கள். பொய் சொல்லக் கூடாது என்று அப்படி எழுதுகிறீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காளா?

நாகையா


ஜோத்பூர்
4-6-1967

அத்தானுக்கு.

பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே சட்டம் படித்த கிளார்க் ஒருவர் இருக்கிறார். யாருக்கென்று சொல்லாமல் கேட்டேன். பெண்டாட்டிக்கு அந்த நோய் என்றால் புருஷன் கல்யாண பந்தத்தைத் தீர்த்துவிடலாம், சட்டத்திலேயே இருக்கிறது என்றார். அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அம்மா செத்தபோது எனக்கு நாலு வயது. அக்காள்தான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். அவளை ஒரு நாள் அந்த மானாமதுரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுத் திரும்பும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

நாகையா


அருப்புக்கோட்டை
12-6-1967

நாகையாவுக்கு. உன் இரு கடிதங்களும் வந்தன. சுக விசாரணையை இம்முறை தவிர்க்கிறேன். கடிதம் முழுவதும் அதுவே.

அது உன் அக்காளின் கால். டாக்டர் தொழுநோய் என்று எழுதுகிறார். ஊர் குஷ்டம் என்று சொல்லும். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கொதிக்கும் குழம்புச் சட்டியை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இறக்கினாள். அவள் கை அவ்வளவு பழகியது என்று பக்கத்து வீட்டாரிடம் நானே பெருமையாகச் சொன்னேன். தை மாதம் மானாமதுரைத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் நோய் உறுதியாயிற்று. மாத்திரை கொடுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் தீரும், அருகில் இருப்பவருக்கு அச்சமில்லை என்கிறார் டாக்டர். மரத்த இடங்களில் உணர்ச்சி திரும்பும் என்று அவர் சொல்லவில்லை.

முதல் முறை ரயிலில்தான் போனோம். நரிக்குடியில் ஏறிய ஒருவர், “வக்கீலய்யா, வீட்டுக்காரம்மாவோட மானாமதுரையில யாரைப் பாக்கப் போறீக?” என்று கேட்டார். சாதாரண விசாரிப்பு. அதன்பின் அவள் ரயிலேற மறுத்தாள். ஜீப்பு, படுதா, கண்மாய்க்கரை யாவும் அதன் விளைவு. ஆஸ்பத்திரியில் பாதத்துக்கென்று கறுப்பு ரப்பர்ச் செருப்பு கொடுத்தார்கள். பார்த்தவுடன் யாருடையது என்று தெரிந்துவிடும் செருப்பு. அதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, ஆஸ்பத்திரி வாசலுக்குள் மட்டும் அணிகிறாள். அம்மன் படம் உண்மை. அது மட்டுமே காரணம் என்று நான் எழுதியது முழு உண்மை அன்று.

உன் கல்யாணம் முடியும்வரை எவருக்கும், குறிப்பாக உனக்கு, சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்குப் பெற்றாள். நீ கேட்டபின் மௌனம் காத்தது அந்த வாக்கினால். இப்போது அதை மீறியிருக்கிறேன். அவளுக்கு இது தெரியாது.

மானாமதுரையிலிருந்து திரும்பிய அந்தத் தை மாதத்து நாளில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். வீட்டில் நாம் பேசும் மொழியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: “உங்க சட்டத்துல இந்தச் சீக்குக்கு என்னமும் சொல்லியிருக்கா?” கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் தொழில். தீராத கடும் வகையாக இருந்து, மனுச் செய்யுமுன் மூன்று ஆண்டுகள் நீடித்திருந்தால் விவாகரத்துக் கோரலாம் என்றேன். அவள் தலையை அசைத்தாள். அன்று தொட்டு, சமையலுக்கு என்ன வாங்க வேண்டும், உன் கல்யாணம், இந்தப் பயணம் என்பவற்றுக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. பதில் சொன்னது பிழையா என்பதை என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். இல்லை. உரிமை ஒன்று இருப்பதாலேயே உரியவன் அதைக் கையாள வேண்டும் என்பதில்லை. இதை அவளிடம் சொன்னீர்களா என்று கேட்பாய். அவள் கேட்கவில்லை.

கொப்புளம் ஆறாத புண்ணாகிவிட்டது. கல்நார் போட்டும் எனக்கு நம்பிக்கையில்லை. ஒவ்வொரு கண்மாய்க்கரையிலும் வண்டியை நிறுத்தி, வலப்பக்கம் சுற்றிவந்து, அவள் பாதத்தை ஒதுக்கிவிட்டு என் உள்ளங்கையைத் தகட்டில் வைத்துப் பார்க்கிறேன். சுட்டால் தண்ணீர் ஊற்றுகிறேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சௌடையாவிடம் முக்கியமான உண்மை ஒன்றை மறைத்துச் சம்பந்தம் பேசியவன் நான். இதில் உன் முடிவு எதுவாயினும் கட்டுப்படுவேன்.

வேங்கடபதி


ஜோத்பூர்
22-6-1967

அத்தானுக்கு.

சௌடையாவுக்கு நானே எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே, நாலு வரி. என் அக்காளுக்கு இன்ன நோய், மருந்து சாப்பிடுகிறாள், அவள் இல்லாமல் என் கல்யாணம் நடக்காது, உங்கள் இஷ்டம் என்று. உங்களிடம் கேட்டிருந்தால் ஆவணி வரை யோசித்திருப்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

அக்காள் என்னைத் திட்டுவாள். திட்டட்டும்.

அவள் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமலே சொல்லுங்கள் அத்தான். அவள் உங்கள் எதிர்க்கட்சியா, நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் கேட்பதற்கு?

உங்கள் உள்ளங்கைக்கு மஞ்சள் வைத்துக்கொள்ளுங்கள். தகடு உங்களையும் விடாது.

நாகையா


அருப்புக்கோட்டை
6-7-1967

நாகையாவுக்கு. நீ சுகமாக இருக்க வேண்டும். இங்குள்ள நிலையை உள்ளபடி எழுதுகிறேன்.

சௌடையா வந்தார். நாற்காலியின் ஓரத்தில் அமர்ந்தார். மோர் வேண்டாம் என்றார்.

“வக்கீல் தம்பி, நாங்க நூல் வாங்கையிலேயே சிட்டத்தைப் பிரிச்சுச் சிடுக்கு இருக்கான்னு பாக்குறவுக. நீங்க உள்ள வச்சுக் கட்டிக் குடுத்துட்டீகளே.”

“நான் செய்தது தவறுதான்,” என்றேன்.

“தவறுன்னு சொல்லிட்டா நான் மேக்கொண்டு என்ன பேச? கோர்ட்டுலயும் இப்பிடித்தான் சட்டுனு ஒத்துக்கிருவீகளா?” உன் கடிதத்தை மடியிலிருந்து எடுத்துப் பிரித்தார். “அந்தப் பட்டாளத்துப் பையன் எழுதுன நாலு வரியைப் படிச்சா, இவனுக்குத்தான் பொண்ணைக் குடுக்கணும்னு தோணுது. ஆனா நாளைக்கும் நாங்க இந்த ஊருக்குள்ளதான் நடக்கணும்.”

நாம் கொடுத்த தாம்பூலத் தட்டை மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அவரை நான் குறை கூற மாட்டேன்.

உன் அக்காள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, இத்தனை மாதத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்துத் தொடர்ந்து பேசினாள். “அவனுக்கு என்ன அவசரம்? ஆவணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டானா? எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போறாக, வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குச் சோறு வையின்னு அழுதவன்தானே. அன்னைக்கும் அவசரம், இன்னைக்கும் அவசரம்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்களும்தான். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு, வண்டி சுடுது வண்டி சுடுதுன்னு அவனுக்கே எழுதியிருக்கீக. திருடன் போலீசுக்கிட்ட வழி கேட்ட மாதிரி.”

செய்தி ஊரில் பரவியதும் குமாஸ்தா வேறொரு வக்கீலிடம் சேர்ந்துவிட்டார். கட்சிக்காரர்கள் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறார்கள்.

சென்ற வியாழக்கிழமை புறப்படும்போது அவளே படுதாவின் முடிச்சுகளை அவிழ்த்தாள். விரல்கள் சரியாக மடங்கவில்லை, வெகுநேரமாயிற்று. உதவிக்குப் போனவனை, “நில்லுங்க” என்றாள். கடைசி முடிச்சையும் அவிழ்த்து, படுதாவைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். “இனிமே யாருக்கு மறைக்கணும்?” என்றாள். செய்தித்தாளைப் பிரித்துக் கறுப்புச் செருப்பை எடுத்து அணிந்தாள். அம்மன் படத்தைக் கழற்றி என் பக்கம் மாட்டச் சொன்னாள்.

கடைவீதி வழியாக நேர்ச்சாலைக்குப் போனோம். பார்த்தார்கள். முப்பது மைல் வேகம். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போயிற்று. திருச்சுழியில் நிறுத்திக் கை வைத்தபோது தகடு வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது.

நீ எழுதியபடி, கேட்காமலே அவளிடம் சொல்ல முயன்றேன். அந்த வாக்கியத்தைப் பல விதமாக அமைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நிபந்தனை வந்து சேர்ந்துவிடுகிறது. சொல்லவில்லை.

புண்ணைக் கண்ட டாக்டர் அவளை வார்டிலேயே நிறுத்திக்கொண்டார். திரும்பும்போது நான் மட்டும் வந்தேன்.

வேங்கடபதி


ஜோத்பூர்
18-7-1967

அத்தானுக்கு வணக்கம். உங்கள் கை எப்படி இருக்கிறது?

கல்யாணத்துக்கென்று கேட்ட லீவு கிடைத்துவிட்டது. ஆவணி முதல் வாரம் வருகிறேன். என்ன காரணத்துக்கு லீவு என்று எழுதிக் கொடுத்ததை மாற்றவில்லை. அந்த நாட்களில் ஜீப்பை நான் ஓட்டுகிறேன். நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

அக்காளை வார்டில் விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எழுதவில்லை.

நாகையா


அருப்புக்கோட்டை
12-8-1967

நாகையாவுக்கு. உன் பயணம் இடரின்றி அமையட்டும். என் கையில் ஒன்றுமில்லை.

சென்ற மாத இறுதியில் உன் அக்காளின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நீ நேரில் கண்டு அதிரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வலி இருந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். இல்லை என்றார். அதை நல்ல செய்தி போலவே சொன்னார். மற்றப் பாதம் தேறும். புரட்டாசியில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

நான் வாரந்தோறும் போகிறேன். படுதா இல்லை. நேர்ச்சாலை. வலப்புற இருக்கை காலியாக இருப்பதால் அங்கே பழங்களும் துவைத்த சேலைகளும் வருகின்றன. அவற்றைக் கல்நார்மேல் வைப்பதில்லை. மடித்த சாக்கின்மேல் வைக்கிறேன்.

அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு வாரமும் நான் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சேலைகளை எண்ணிப் பார்த்தாள். இத்தனை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று செவிலியிடம் கேட்டிருக்கிறாள். இது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

நேற்று முன்தினம் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் கேட்டாள்:

“மூணு வருசம்னு சொன்னீகளே. அது எதுலருந்து கணக்கு? சீக்கு வந்த நாள்லருந்தா, டாக்டரு சொன்ன நாள்லருந்தா?”

நல்ல கேள்வி. என்னிடம் இருந்த ஜூனியர்களில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடை எனக்குத் தெரியும்.

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “வக்கீலுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“வீட்டுக்குப் போயி பொஸ்தகத்தைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“அந்தப் புத்தகத்தை விற்றுவிட்டேன்.”

நாகையா, இதை எழுதும்போது அந்தப் புத்தகம் என் இடது முழங்கைக்கு அருகில் இருக்கிறது. இருபது வருஷத் தொழிலில், தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொன்னதில்லை.

“வித்த காசுல என்ன செஞ்சீக, தனியா உக்காந்து கோழிக்கறி தின்னீகளா?” என்றாள்.

நான் ஆம் என்றேன். அதுவும் உண்மை அன்று. அவள் சிரித்தாள் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“என்ன வெக்கை வெக்குது இங்க. அந்த விசிறியை எடுங்க,” என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்ததாக மணியடித்தார்கள். மற்றவர்கள் எழுந்து போனார்கள். போகும்படி அவளும் சொல்லவில்லை. செவிலி வந்து என் தோளைத் தொடும்வரை விசிறிக்கொண்டிருந்தேன்.

வேங்கடபதி